கத்திக்குக் கூர் தருவது சுத்தியல் அல்ல

இடுப்பு வாரில் தொங்கும் கத்திகளில் சிறியதும் எளியதுமான ஒன்று பின்லாந்தின் பூக்கோ. அதன் அலகு உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். பிடி பிர்ச் மரத்தில் இருக்கும், அல்லது அந்த மரத்தின் பட்டையை வில்லை வில்லையாக அடுக்கி இறுக்கியதாக இருக்கும். தோலுறை பாதிப் பிடி வரை விழுங்கிக்கொள்ளும். மரம் செதுக்க, மீன் ஆய, கயிறு அறுக்க என்று அங்கே தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவந்த பண்டம் இது. வீட்டின் பின்கட்டில் ஒரு வைஸ், ஒரு ஆக்சா பிளேடு, நாலு அரம் வைத்துக்கொண்டு முதன்முதலாகக் கத்தி செய்யத் துணிகிறவர்கள் பலரும் ஏறக்குறைய இந்த அளவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

துணிந்தவுடன் யோசனைகள் வந்து குவியும். அவற்றில் பாதி தவறு. தவறான யோசனைகளுக்குள் ஒரு பொதுவான சாயல் உண்டு: எல்லாமே கத்தியின் பெருமையைச் சுத்தியலுக்கோ, பழைய இரும்புக்கோ, ஏதாவது ஒரு ரகசியத்துக்கோ கொடுத்துவிடும். அந்தப் பெருமை சேரவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, இரும்புக்குக் கொடுக்கும் சூடும் அதை ஆற்றும் விதமும். மற்றொன்று, வாயின் கோணம்.

உலை மூட்டிச் சம்மட்டியால் அடிக்காதது கத்தியே இல்லை என்பது முதல் நம்பிக்கை. தட்டையான எஃகுப் பட்டையில் வடிவத்தைக் கீறி, அறுத்து, அராவி எடுத்தால் போதும். உலகின் மிகச் சிறந்த கத்திகள் சில இப்படித்தான் பிறந்தன. இந்த முறைக்குப் பெருமதிப்பு வாங்கித் தந்தவர் அமெரிக்கரான பாப் லவ்லெஸ். 1950களின் தொடக்கத்தில் அவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். நியூயார்க் கடையொன்றில் புகழ்பெற்ற ராண்டல் கத்தியைக் கேட்டபோது பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பழைய பேக்கார்டு கார் ஒன்றின் ஸ்பிரிங்கிலிருந்து தானே ஒரு கத்தி செய்துகொண்டார். பின்னாளில் அவருடைய கத்திகளுக்காக மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பட்டடைக்கல் இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டியதில்லை.

இதன் இன்னொரு முகம், அடிக்க அடிக்க இரும்பு நெருங்கி இறுகும், வாய்ப்பக்கம் ஆறிய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தால் கூர் நிற்கும் என்பது. எஃகைச் சுத்தியலால் அமுக்கிச் சுருக்க முடியாது. ஆறிய இரும்பைத் தட்டினால் சற்றுக் கடினமாகும், அது உண்மைதான். ஆனால் தோய்ச்சலுக்காக, அதாவது சூடேற்றித் திரவத்தில் முக்குவதற்காக, மறுபடி உலையில் வைத்ததும் அந்தக் கடினம் முழுவதும் கரைந்துபோகும். எஃகின் மணிகளை, அதாவது உள்ளே இருக்கும் படிகங்களை, நுண்மையாக்குவது வேறொரு வேலை. காந்தம் ஒட்டாத சூடு வரை கொண்டுபோய், காற்றில் தானாக ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை இதையே செய்ய வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய எஃகை உடைத்துப் பார்த்தால் முறிந்த இடம் கல்லுப்பைப் போல மினுமினுக்கும். நல்ல பதத்தில் இருந்தது மங்கிய சாம்பல் நிறத்தில், மணியே தெரியாமல் இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் ஒரு துண்டைப் பலிகொடுத்து உடைத்துப் பார்ப்பது நல்லது. எந்தப் புத்தகத்தைவிடவும் அது தெளிவாகச் சொல்லிவிடும்.

அடுத்தது பழைய இரும்பின் மீதுள்ள பக்தி. அந்தக் காலத்து இரும்பு அந்தக் காலத்து இரும்புதான் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அதில் கார்பன் எவ்வளவு என்று கேட்பதில்லை. கத்திக்கு ஏறக்குறைய 0.6 சதவீதமாவது வேண்டும். அமெரிக்காவில் ரயில் தண்டவாள ஆணியில் கத்தி செய்வது ஒரு மோகம். உயர்கார்பன் என்று முத்திரை குத்திய ஆணியிலும் 0.3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பார்க்க அழகு, அறுக்க உதவாது. நம் சமையலறை எவர்சில்வர் அதைவிட மோசம். பாத்திரத்துக்கான அந்த எஃகைச் சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கவே முடியாது. லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. நம் கொல்லர்கள் அதில் அரிவாள் அடிப்பது அனுபவ அறிவு. கார்பன் 0.5, 0.6 சதவீதம் இருப்பதால் ஓங்கி வெட்டினாலும் தெறிக்காது. ஆனால் வருடக்கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். பழைய அரமும் நல்லதுதான், முழுவதும் கடினமாக்கிய அரமாக இருந்தால். மலிவான சில அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினம்.

விசை ரம்பத்தின் பெரிய ஆக்சா பிளேடு தனி ரகம். முழுவதும் அதிவேக எஃகாக இருந்தால், அரைக்கும்போது ஏறும் சூட்டுக்கு அது அசைந்துகொடுக்காது. 500 டிகிரி தாண்டியும் கடினத்தை விடாது. இப்போது வருபவற்றில் பல, பல்லில் மட்டும் அந்த எஃகை ஒட்டவைத்தவை. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால் உழைப்பு வீண்.

முதல் கத்திக்கு 1084 என்ற எண்ணில் வரும் புதிய எஃகை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். கார்பன் சுமார் 0.84 சதவீதம், வேறு சிக்கலான கலப்பு இல்லை, சிறிய உலையிலேயே பதம் வந்துவிடும். அறுத்து அராவுகிற உழைப்போடு ஒப்பிட்டால் அந்தப் பட்டையின் விலை பெரிதல்ல.

இனி சூடு. செர்ரிப் பழச் சிவப்பு வந்ததும் தோய் என்று பழைய நூல்கள் சொல்லும். எந்த வெளிச்சத்தில் பார்த்த சிவப்பு? நண்பகல் வெயிலில் மங்கலாகத் தெரியும் அதே சூடு, இருட்டறையில் பளீரென்று எரியும். வெயிலில் நின்று கண்ணை நம்புகிறவர் தேவைக்கு மேல் சூடேற்றி மணிகளைப் பருக்கவைத்துவிடுகிறார். இதற்கு இரண்டு எளிய அளவுகோல்கள் இருக்கின்றன. எஃகு 770 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். 1084 எஃகுக்கு வேண்டியது சுமார் 815 டிகிரி. ஆகவே காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டி, அலகின்மேல் தூவிய உப்பு உருகி ஓடியதும் சற்றே பொறுத்தால் சரியான இடம். விலைமதிப்புள்ள கருவி எதுவும் வேண்டாம்.

தோய்ச்சலைச் சுற்றித்தான் கதைகள் அதிகம். அலகை வடக்கு நோக்கிப் பிடிக்க வேண்டும் என்பார்கள். உயிருள்ள உடலில் பாய்ச்சிப் பதம் ஏற்றினார்கள் என்பார்கள். 12ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியத் துறவி தியோபிலஸ் எழுதிவைத்த கைவினை நூல், செம்பட்டைத் தலைமுடியுள்ள சிறுவனின் சிறுநீரில் இரும்பைத் தோய்க்கச் சொல்கிறது. முழுக்கவும் மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிவந்த இரும்பைத் தண்ணீரில் விட்டால் சுற்றிலும் நீராவிப் போர்வை உருவாகி, ஆறுவதைத் தாமதமாக்கும். உப்பு கலந்த நீரில் அந்தப் போர்வை சீக்கிரம் கிழிந்து இரும்பு வேகமாக ஆறும். சிறுநீர் செய்ததும் அதைத்தான். தலைமுடியின் நிறத்துக்கு அதில் பங்கில்லை.

மெல்லிய அலகுக்கு அந்த வேகம் ஆபத்து. தண்ணீருக்குள் போனதும் டிங் என்று ஒரு சத்தம் கேட்டால் கத்தியில் விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய்தான் சரி. அங்கேயும் ஒரு தவறான எண்ணம்: எண்ணெய் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது. நேர்மாறு. 50, 55 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெய் இளகி, அலகைச் சுற்றி வேகமாக ஓடி, சூட்டை விரைவாக வாங்கிக்கொள்ளும். கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா எண்ணெயை வெளிநாட்டில் பயன்படுத்துகிறார்கள். நம் கடலை எண்ணெயும் போதும். மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கும் கழிவு ஆயிலைத் தொடவே கூடாது. அதில் கரைந்திருக்கும் உலோகங்களும் ரசாயனங்களும் புகையாக நுரையீரலுக்குப் போகும். எண்ணெய்ப் பாத்திரம் இரும்பில் இருக்கட்டும், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்ல கத்தி என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டத்தில் ஏமாறுகிறார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த அலகின்மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும். கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 64, 65 கூட வரும். அதே அலகு கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாக உடையும். அடுப்பில் சுமார் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்தால், கடினத்தில் கொஞ்சத்தைக் கொடுத்து உறுதியை வாங்கிக்கொள்ளலாம். வீட்டு அவனின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே தனி வெப்பமானி வைக்க வேண்டும். வைக்கோல் மஞ்சள் நிறம் வந்தால் பதம் என்பதும் முழு உண்மை அல்ல. அந்த நிறம் மேலே படியும் ஆக்சைடு படலத்தின் தடிமன். சூட்டோடு நேரமும் அதை மாற்றும்.

இந்தப் பேரத்தின் மதிப்பைக் காட்ட அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் தேர்வை விட நல்ல சான்று கிடையாது. தேர்வுக்கு வருபவரின் கத்தி, தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு கட்டுமானத்துக்கான மரக்கட்டையை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸில் பிடித்து 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. வெறும் கடினத்தை மட்டும் நம்பிய கத்தி கடைசிப் படியில் தோற்றுவிடும்.

அலை அலையான கோலம் கொண்ட டமாஸ்கஸ் எஃகு சாதாரண எஃகைவிட நன்றாக அறுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இன்று அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் இருவகை எஃகை அடுக்கி, உலையில் ஒட்டி, அமிலத்தில் நனைத்துக் கோலம் காட்டியவை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் சரியாகப் பதம் ஏறிய 1084 எஃகு அறுப்பில் அதற்குச் சளைக்காது. பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோலம் வேறு வழியில் வந்தது. அந்த வாள்களுக்கான எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கியவை. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலின் உலைகளும், ஆய்வாளர் ஷாரதா சீனிவாசன் ஆராய்ந்த மேல்சிறுவலூர் மூசைகளும் தமிழ்நாட்டில் அந்தத் தொழிலுக்குச் சாட்சி. அந்தக் கோலத்துக்கு மூலம் எஃகில் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள் என்று 1990களில் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல்பிரட் பெண்ட்ரேயும் செய்துகாட்டினார்கள். அங்கேயும் வேலை செய்தது மந்திரம் அல்ல. தாதுவும் ஆற்றும் விதமும்.

பிடி முழுக்க அலகின் இரும்பு ஓடாவிட்டால் கத்தி பலவீனம் என்ற பேச்சுக்குப் பூக்கோவே பதில். அதன் ஒல்லியான வால், பிடிக்குள் புகுந்து மறுமுனையில் தட்டி இறுக்கப்படுகிறது. எடை குறைவு, உறைபனியில் கைக்கு இரும்பு படாது. வால் முறிவது பெரும்பாலும் அது அலகோடு சேரும் மூலையில்தான். அந்த மூலையை உருண்டை அரத்தால் வளைவாக்கி, வாலைக் கடினமாக்காமல் விட்டால் போதும். தடிமன் மோகமும் அப்படித்தான். ஆறு மில்லிமீட்டர் அலகு கேரட்டை அறுக்காது, பிளக்கும். மூன்று மில்லிமீட்டரும், இருபக்கமும் சேர்த்து 20 முதல் 25 டிகிரி கோணமும் இந்த அளவுக் கத்திக்கு நிறைவு.

பின்லாந்தில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பூக்கோவை மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்பதும் பொய். 2003ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, வேலையோ ஏற்கத்தக்க வேறு காரணமோ இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது அங்கே குற்றம்.

கடைசியாக உறை. கத்தியை உறைக்குள் வைத்துவிட்டால் துரு பிடிக்காது என்று நினைப்பது பெரிய தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குரோமியம் இட்டுப் பதப்படுத்திய தோலாக இருந்தால் அதில் தங்கும் உப்புகள் எஃகை அரிக்கும். மரப்பட்டையால் பதப்படுத்திய தோல்தான் இதற்கு ஏற்றது. அதைத் தேடி வெளிநாடு போக வேண்டாம்: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதப்படுத்தும் மரபில் வந்து, புவிசார் குறியீடும் பெற்ற ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியின்மேல் அழுத்தி வடிவம் கொடுத்து, வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தினால், பொத்தானும் வாரும் இல்லாமலே உறை பிடியைக் கவ்விக்கொள்ளும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, எண்ணெய் தடவி, கத்தியையும் உறையையும் தனித்தனியாக வைக்க வேண்டும்.