குளத்தைக் காத்தல்

லோத்குண்டா என்னும் பெயரிலேயே நீர் இருக்கிறது. தெலுங்கில் 'லோது' என்றால் ஆழம். 'குண்ட' என்றால் குட்டை. தெலங்கானாவின் ஏரிகளிலும் குளங்களிலும் இன்றும் மீன் வளர்க்கப்படுகிறது. இத்தொழிலுக்குத் துணைநிற்கும் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் 2006இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. அதன் கட்டடமே பெரிய மீன் வடிவில் அமைந்துள்ளது. வழிப்போக்கர் எவரும் அதைத் திரும்பிப் பாராமல் செல்வதில்லை.

மீன் வளர்ப்போர் பெரிதும் அஞ்சுவது வைரஸ் நோயை. ஒட்டுண்ணிகளை மருந்திட்டுக் கட்டுப்படுத்தலாம். வைரஸ் பரவிய குளத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

திலாப்பியா மீனைத் தமிழ்நாட்டில் 'ஜிலேபி' என்பர். (இனிப்பை எண்ணி ஏமாற வேண்டா!) 2009 முதல் இசுரேலில் இம்மீன்கள் திரள்திரளாக மடிந்தன. காரணம் ஒரு புதிய வைரஸ் என்பதை அறிவியலார் 2014இல் வெளியிட்டனர். 'திலாப்பியா ஏரி வைரஸ்' என்று அதற்குப் பெயரிட்டனர். மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் அது பரவியிருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

நோயுற்ற மீன் இரை எடுக்காது, சோர்ந்து நீந்தும், தோலில் புண்ணும் கண்ணில் மங்கலும் தோன்றும். ஆனால் வேறு நோய்களிலும் இவ்வறிகுறிகள் உண்டு. ஆகவே ஆய்வகச் சோதனையே உண்மையைக் கூறும். அதற்கு உயிர் ஊசலாடும் மீனே ஏற்றது. அழுகிய மீன் பயன்படாது. காலந்தாழ்த்தாமல் தெரிவித்தல் இதனாலேயே இன்றியமையாததாகிறது.

இங்கேதான் இடர்ப்பாடு. விடியற்காலையில் இறந்த மீன்கள் மிதப்பதைக் காணும் விவசாயி, தீவனத்துக்கு வாங்கிய கடனை நினைக்கிறார். செய்தி பரவினால் வணிகர் வாரார் என்று அஞ்சி, எஞ்சிய மீன்களை விரைந்து விற்கவோ வேறு குளத்துக்கு மாற்றவோ துணிகிறார். அந்த வைரஸ் மனிதரைத் தாக்காது. எனினும் மீனோடும் நீரோடும் அடுத்த குளத்தை அடைந்துவிடும்.

2013இல் நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இலக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவளப் பணியகம் அதனை ஒருங்கிணைக்கிறது. கைப்பேசி வழியே நோயைத் தெரிவிக்க 2023இல் ஒரு செயலியும் வெளியிடப்பட்டது.

தடுப்பு முறைகள் எளியவை. சோதிக்கப்பட்ட பொரிப்பகத்தில் குஞ்சுகளை வாங்குதல், அவற்றைச் சில நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தல், ஒரு குளத்து வலையைத் தூய்மை செய்து வெயிலில் உலர்த்தாமல் மறு குளத்தில் இறக்காதிருத்தல் ஆகியன அவற்றுட் சில. இறந்த மீன்களை வாய்க்காலில் எறிதல் கூடாது. சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைத்தல் வேண்டும்.

சொற்பொருள்: இடர்ப்பாடு – துன்பம்; எஞ்சிய – மீதமுள்ள; பொரிப்பகம் – மீன்குஞ்சு உற்பத்தி செய்யும் இடம்.

வினா: விவசாயி நோயை மறைக்க நினைப்பது ஏன்? அவருடைய அண்டைக் குளத்தாருக்கு அதனால் நேர்வது யாது?