சரிசெய்த சராசரி: தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மோட்டார் ட்ரெண்ட் இதழ் 1974-இல் வெளியிட்ட 32 கார்களின் விவரம், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள்ளேயே எம்டிகார்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அதில் மேனுவல் கியர் கார்கள் சராசரியாகக் கேலனுக்கு 24.4 மைல் ஓடுகின்றன, ஆட்டோமேட்டிக் கார்கள் 17.1 மைல்தான் ஓடுகின்றன. அப்படியானால் மேனுவல் கியரே மைலேஜைக் கூட்டுகிறதா? அவசரப்பட வேண்டாம். மேனுவல் கார்களின் சராசரி எடை 2,411 பவுண்டு, ஆட்டோமேட்டிக் கார்களின் எடையோ 3,769 பவுண்டு. வித்தியாசம் கியரால் வந்ததா, எடையால் வந்ததா என்பது வெறும் சராசரியைப் பார்த்தால் தெரியாது.

மற்ற காரணிகளை இரு பக்கமும் ஒரே நிலையில் வைத்து, மாதிரியைக் கொண்டு கணிக்கும் சராசரியே சரிசெய்த சராசரி. மீச்சிறு வர்க்கச் சராசரி, விளிம்புச் சராசரி என்ற பெயர்களிலும் இதைக் காண்பீர்கள். மாதிரியைப் பொருத்தத் தெரிந்தவருக்கு மீதிக் கணக்கு எளிது. எந்த நிலையில் வைத்து ஒப்பிடுவது என்று முடிவெடுப்பதில்தான் சிக்கல். அந்த முடிவை மென்பொருளிடம் விட்டுவிடக் கூடாது.

படி 1: கேள்வியை முழு வாக்கியமாக எழுதுங்கள்

"மேனுவல் நல்லதா?" என்று கேட்டால் போதாது. "ஒரே சிலிண்டர் எண்ணிக்கை உள்ள கார்களில் கியர் வகையால் மைலேஜ் மாறுகிறதா?" என்பது ஒரு கேள்வி. "ஒரே எடை உள்ள கார்களில் மாறுகிறதா?" என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் மாதிரி வேறு, விடையும் வேறு.

படி 2: ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

முதலில் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். கியர் இரண்டு வகை, சிலிண்டர் மூன்று வகை, ஆக ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சராசரி மைலேஜும் அடைப்புக்குறிக்குள் கார்களின் எண்ணிக்கையும்:

- ஆட்டோமேட்டிக்: 4 சிலிண்டர் 22.9 (3), 6 சிலிண்டர் 19.1 (4), 8 சிலிண்டர் 15.05 (12)
- மேனுவல்: 4 சிலிண்டர் 28.075 (8), 6 சிலிண்டர் 20.57 (3), 8 சிலிண்டர் 15.4 (2)

ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலானவை 8 சிலிண்டர், மேனுவலில் பெரும்பாலானவை 4 சிலிண்டர். வெறும் சராசரியை இந்த ஏற்றத்தாழ்வுதான் இழுக்கிறது. இப்போது கார்களின் எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் உள்ள மூன்று எண்களைக் கூட்டி மூன்றால் வகுங்கள். ஆட்டோமேட்டிக்குக்கு 19.0, மேனுவலுக்கு 21.3 கிடைக்கும். 7.2 மைலாக இருந்த வித்தியாசம் 2.3 ஆகச் சுருங்கிவிட்டது. நீங்கள் கண்டுபிடித்த முதல் சரிசெய்த சராசரிகள் இவைதாம்.

படி 3: எந்த நிறை என்று தீர்மானியுங்கள்

மேலே மூன்று சிலிண்டர் வகைக்கும் சம நிறை, அதாவது சம முக்கியத்துவம், கொடுத்தோம். இடைவினை (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவது) உள்ள மாதிரியில் பெரும்பாலான மென்பொருள்கள் கேட்காமலே செய்வதும் இதுதான். திட்டமிட்டு நடத்திய சோதனைக்கு இது பொருந்தும், ஏனெனில் அங்கே கட்டங்களின் எண்ணிக்கை சமமாக இல்லாமல் போவது பெரும்பாலும் தற்செயல்.

கள ஆய்வில் நிலைமை வேறு. எண்ணிக்கை சமமற்று இருப்பதே அங்கே உலகின் இயல்பாக இருக்கலாம். அப்போது மொத்தத் தரவில் ஒவ்வொரு வகையும் எத்தனை பங்கு என்பதையே நிறையாகக் கொள்ளலாம். இங்கே அது 32-இல் 11, 7, 14. அப்படிச் செய்தால் சராசரிகள் 18.6, 20.9 என்று மாறும். இரண்டு வழியும் சரிதான். எதைத் தேர்ந்தீர்கள் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

படி 4: தொடர் மாறியைச் சேருங்கள்

எடை போன்ற தொடர் மாறிக்குக் கட்டங்கள் கிடையாது. அதன் மொத்தச் சராசரியான 3,217 பவுண்டில் இரு கியர் வகைகளுக்கும் மாதிரி என்ன கணிக்கிறது என்று பார்க்க வேண்டும். எடையை ஆயிரம் பவுண்டு அலகில் கொண்டால் மாதிரி இப்படி வரும்:

மைலேஜ் = 37.32 − 5.353 × எடை − 0.02 (மேனுவலாக இருந்தால் மட்டும்)

எடைக்கு 3.217 என்று இட்டால் ஆட்டோமேட்டிக்குக்கு 20.10, மேனுவலுக்கு 20.08. ஒரே எடையில் வைத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

படி 5: இடைவினை உண்டா என்று சோதியுங்கள்

அந்த விடையை உடனே நம்பிவிடக் கூடாது. எடை கூடும்போது மைலேஜ் குறையும் வேகம் இரு வகைக்கும் ஒன்றே என்று படி 4-இன் மாதிரி முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினால் ஆட்டோமேட்டிக்கின் சரிவு −3.79, மேனுவலின் சரிவு −9.08. 2,500 பவுண்டில் மேனுவல் 1.6 மைல் முன்னே இருக்கிறது, 3,217 பவுண்டில் 2.2 மைல் பின்னே போகிறது. படி 4-இல் கிடைத்த ஒற்றை எண் இந்தத் திருப்பத்தை மறைத்திருந்தது.

கோடுகள் இப்படி வெட்டிக்கொண்டால் ஒரே சராசரி தர வேண்டாம். இரண்டு மூன்று எடைகளில் தனித்தனியே கணித்துக் காட்டுங்கள். அந்த எடைகளில் இரு வகைக் கார்களும் உண்மையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இந்தத் தரவில் மிக இலேசான ஆட்டோமேட்டிக் 2,465 பவுண்டு, மிகக் கனமான மேனுவல் 3,570 பவுண்டு. இந்த எல்லைக்கு வெளியே ஒப்பிடுவது தரவே இல்லாத இடத்தில் ஊகிப்பதுதான்.

படி 6: கலப்பு விளைவு மாதிரிக்குச் செல்லுங்கள்

நிலையான விளைவுகளும் சமவாய்ப்பு விளைவுகளும் சேர்ந்த மாதிரியே கலப்பு விளைவு மாதிரி. பிராங்க் யேட்ஸ் 1935-இல் வெளியிட்ட ஓட்ஸ் பயிர்ச் சோதனை இதற்கு நல்ல பாடம். 6 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் 3 ரகங்களுக்கு 3 மனைகள். ஒவ்வொரு மனையிலும் 4 அளவு நைட்ரஜனுக்கு 4 துணை மனைகள். மொத்தம் 72 அளவீடுகள்.

ரகமும் நைட்ரஜனும் நிலையான விளைவுகள், அவற்றைப் பற்றித்தான் நம் கேள்வி. தொகுதியும் மனையும் சமவாய்ப்பு விளைவுகள், நிலத்தில் இயல்பாக உள்ள வேறுபாட்டின் மாதிரிக்கூறுகள். சரிசெய்த சராசரியை நிலையான விளைவுகளை மட்டும் கொண்டு கணிக்கிறோம், சமவாய்ப்பு விளைவுகளைச் சுழியாக வைக்கிறோம். நைட்ரஜன் இல்லாதபோது விளைச்சல் 79.4 அலகு, பிறகு படிப்படியாக 98.9, 114.2, 123.4.

இந்தச் சோதனை சமநிலையானது. அதனால் வெறும் சராசரியும் இதே எண்களைத்தான் தரும். கலப்பு மாதிரியின் பயன் திட்டப்பிழையில் தெரிகிறது.

படி 7: சராசரியை அல்ல, வித்தியாசத்தைச் சோதியுங்கள்

ஒவ்வொரு நைட்ரஜன் சராசரியின் திட்டப்பிழையும் சுமார் 7.2. வெறும் 6 தொகுதிகளே இருப்பதால் வரையற்ற பாகைகளும் 7 அளவில்தான். எனவே 95% நம்பிக்கை இடைவெளி இருபுறமும் சுமார் 17 அலகு நீளும். 79.4-இன் இடைவெளியும் 98.9-இன் இடைவெளியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதைப் பார்த்து வித்தியாசம் இல்லை என்று முடிவுகட்டுவது தொடக்கநிலையாளர் பலரும் விழும் குழி.

இரண்டு அளவுகளும் ஒரே தொகுதியில், ஒரே மனையில் ஒப்பிடப்பட்டவை. கழிக்கும்போது தொகுதிக்குத் தொகுதி உள்ள வேறுபாடு நீங்கிவிடுகிறது. அதனால் 19.5 என்ற வித்தியாசத்தின் திட்டப்பிழை 4.4 மட்டுமே. வித்தியாசம் அதைவிட நாலு மடங்குக்கும் மேல், ஐயத்துக்கு இடமில்லை. ரகங்களை ஒப்பிட்டால் திட்டப்பிழை 7.1 ஆக ஏறும், ஏனெனில் அங்கே மனைக்கு மனை உள்ள வேறுபாடும் சேர்கிறது.

பல இணைகளை ஒப்பிடும்போது டூக்கி முறைத் திருத்தத்தைச் சேருங்கள். வரையற்ற பாகைகளுக்குக் கென்வர்ட்–ரோஜர் அல்லது சாட்டர்த்வெய்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 8: மென்பொருளில் செய்யுங்கள்

ஆர் மென்பொருளில் கலப்பு மாதிரிக்கு எல்எம்ஈ4 தொகுப்பும், சரிசெய்த சராசரிக்கு ரஸ்ஸல் லெந்த் உருவாக்கிய எம்மீன்ஸ் தொகுப்பும் போதும். மாதிரியைப் பொருத்துங்கள், எச்சங்களின் படத்தைப் பாருங்கள், பிறகு மாதிரியையும் காரணியின் பெயரையும் எம்மீன்ஸிடம் கொடுங்கள். அது எந்தெந்த மதிப்புகளில் கணித்தது என்று காட்டும் குறிப்புக் கட்டத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். ஆண்டு, வகை எண் போன்றவை 1, 2, 3 என்று பதிவாகியிருந்தால், காரணி என்று அறிவிக்காதவரை அவற்றையும் மென்பொருள் தொடர் மாறியாகவே எடுத்துக்கொள்ளும். 6.2 சிலிண்டர் உள்ள காருக்குக் கணித்த விடை அப்படித்தான் வருகிறது.

அறிக்கையில் எழுத வேண்டியவை

மாதிரியில் இருந்த மாறிகள், தொடர் மாறியை நிறுத்திய மதிப்பு, நிறை கொடுத்த முறை, வரையற்ற பாகைகளின் முறை, வித்தியாசமும் அதன் நம்பிக்கை இடைவெளியும் என ஐந்தையும் தாருங்கள். வெறும் சராசரியையும் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டும் வெகுவாக விலகியிருந்தால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். மாதிரியில் சேராத காரணி எதுவும் இதனால் சரியாகிவிடாது என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.