வைட்டமின் ‘ஏ’ புற்றுநோயைக் குணமாக்குமா?

புற்றுநோய் வார்டில் நோயாளிகளைச் சந்திக்கச் சென்றபோது, ஒரு தாய் முந்தானையில் மறைத்து வைத்திருந்த மாத்திரைப் புட்டியை எங்களிடம் காட்டினார். “ஐயா, இது வைட்டமின் ஏ. இதுவே போதும், மகனுக்கு ஊசி வேண்டாம் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார். அன்பினால் எழுந்த கேள்வி அது. ஆகவே இதைக் குறித்து மூன்று காரியங்களை நாம் நிதானமாய்க் கற்றுக்கொள்வோம்.

முதலாவது, இந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதை அல்ல. இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகி, முதிர்ச்சியடைந்த பிறகே தங்கள் வேலையைச் செய்கின்றன. வைட்டமின் ஏ-யிலிருந்து நம் உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம் இம்முதிர்ச்சிக்குத் துணை செய்கிறது. ஏ.பி.எல். என்னும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் இந்த அமிலத்தின் கட்டளையை ஏற்கும் புரதம் பழுதாகிறது. வெள்ளை அணுக்கள் பாதி வளர்ச்சியில் நின்று, பெருகிக்கொண்டே போகின்றன. இரத்தக்கசிவினால் நோயாளி சில நாட்களிலேயே மரிக்கவும் கூடும்.

இரண்டாவது, இந்நோய்க்கு வழி பிறந்தது. 1985-இல் சீனாவின் ஷாங்காய் நகரில் டாக்டர் வாங் ஷென்யி, மரணத் தறுவாயிலிருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். 1988-இல் அவரது குழுவினர் 24 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அனைவருக்கும் நோய் தணிந்தது; அவர்களில் 23 பேருக்கு இம்மருந்து மட்டுமே போதுமானதாயிருந்தது. இம்மருந்து கெட்ட அணுக்களை நேராகக் கொல்லுவதில்லை. அவற்றை முதிரச் செய்கிறது. முதிர்ந்தவை தம் நாள் முடிந்ததும் தாமே மடிகின்றன. இன்று ஆர்சனிக் டிரையாக்சைடும் சேர்த்துக் கொடுக்கப்படுவதால், இந்நோயாளிகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

மூன்றாவது, ஒரு பூட்டைத் திறக்கும் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரையை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவீதம் கூடியது என்று 1994-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போருக்கும் கல்நார்த் தொழிலாளருக்கும் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே 28 சதவீதம் கூடியதால், 1996-இல் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள்.

வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் கல்லீரல் கெடும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசு ஊனமடையும். ஏ.பி.எல். நோயாளிக்குங்கூட இம்மருந்தினால் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரக்கூடுமாதலால், மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தே கொடுக்கிறார்கள். கீரை, காரட், பப்பாளி ஆகியவற்றை உணவாக உண்பது நல்லது. ஆனால் அவை சிகிச்சைக்கு ஈடாகா.

ஆகையால், பிரியமானவர்களே, வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போது பழங்கள் கொண்டுபோங்கள். அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்லுங்கள். மாத்திரை வாங்கிக் கொடுக்க மனம் ஏவினால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். “ஊசி வேண்டாம்” என்ற சொல் மட்டும் நம் வாயிலிருந்து வரவேண்டாம்.

அந்தத் தாய் புட்டியை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டார். மகனின் சிகிச்சை தொடர்கிறது.