கூடையை இறக்கி வைக்கும் காலம்

அன்பு மகள்,

லேசர் செய்த அன்றே அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். தையலும் இல்லை, கட்டும் இல்லை என்பதால் திங்கட்கிழமையே கொழுந்தெடுக்கப் போகிறேன் என்கிறாராம். போக விடாதே.

கருப்பைக் கழுத்தின் மேற்பரப்பில் மாறிப்போயிருந்த கலங்களை அந்த ஒளிக்கற்றை சுட்டு ஆவியாக்கியிருக்கிறது. உள்ளே புண் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அது ஆற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

முதல் சில வாரங்கள் தண்ணீராகவோ பழுப்பாகவோ கசியும், கொஞ்சம் இரத்தமும் படும். பயப்படாதீர்கள். மாதவிடாய் வலிபோல அடிவயிறு வலித்தால் பனடோல் போதும். பேட் மட்டும் வைக்கட்டும். உள்ளே எதையும் வைக்கவோ மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவவோ கூடாது. பீலியில் குளிக்கலாம், ஆற்றில் முங்கக் கூடாது. கலஹா மலையில் கூடையைச் சுமந்து ஏறுவதும் விறகுக்கட்டு தூக்குவதும் டொக்டர் சரி சொல்லும்வரை வேண்டாம். பேர் விழாமல் சம்பளம் போய்விடுமே என்று அம்மா தவிப்பார். கிளினிக்கில் மெடிக்கல் சான்றிதழ் கேட்டு வாங்கித் தோட்டத்து ஒபிசில் கொடு. ஒரு மாதமாவது தாம்பத்திய உறவும் கூடாது. அதை அப்பாவிடம் நீ சொல்லவேண்டியதில்லை, மருத்துவமாது மிஸ்ஸிடம் சொன்னால் அவர் பேசுவார்.

மாதவிடாயைவிட அதிகமாக இரத்தம் போனாலோ, காய்ச்சல், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி என்று ஏதாவது வந்தாலோ இரவென்று பார்க்காமல் கலஹா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

இது புற்றுநோயா என்று கேட்டிருந்தாய். இல்லை. புற்றுநோயாக மாறக்கூடியதை முன்கூட்டியே அழித்திருக்கிறார்கள். இதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் பெரும்பாலும் தானாகவே உடம்பைவிட்டுப் போய்விடும். தங்கிவிட்டால்கூடக் கலங்கள் புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் அம்மாவுக்கு இது பிடிபட்டிருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனால் டொக்டர் குறித்துக் கொடுத்த திகதியில் மறுபரிசோதனைக்குப் போகத் தவறவே கூடாது. சுகமாகிவிட்டது என்று பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

உனக்கு ஆறாம் தரத்தில் போட்ட ஊசி இந்த வைரஸுக்குத்தான். 2017இல்தான் அது நம் பாடசாலைகளுக்கு வந்தது. அம்மாவின் வயதுக்காரர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இருப்பது 35 வயதில் செய்யும் இலவசக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை. சுகவனிதையர் கிளினிக்கில் சில நிமிட வேலை. வெட்கத்தாலும் சம்பளம் போகுமென்றும் நம் பெண்கள் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் லயத்தில் யார் யார் இன்னும் போகவில்லை என்று விசாரி. அடுத்த கிளினிக் நாளில் பெரியம்மாவை நீயே கூட்டிப் போ.

அன்புடன்,
சின்னம்மா