அடிமைக் கவிஞரும் ஒரு சித்திர நூலும்

சிறுவர்க்கென எழுதப்பட்ட சித்திர நூலைத் தமிழ் ஆனர்ஸ் மாணவர் ஆராய்வதா எனச் சிலர் நகைக்கலாம்; நகைக்கட்டும். டான் டேட் என்னும் அமெரிக்க ஓவியர் தாமே எழுதிப் படமும் வரைந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கவிஞர்’ என்னும் அந்நூல், ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் என்பாரின் வரலாறாகும். அடிமை வாழ்வைப் பற்றிய கதைகளைத் தொடுவதில்லை எனத் தாம் முன்னர் உறுதி கொண்டிருந்ததையும், அப்பொருள்பற்றி உள்ளூர நாணியதையும் ஆசிரியர் நூலிறுதியில் மறையாது உரைக்கின்றார். அந்நாணம் நீங்கியதன் பயனே இந்நூல்.

ஹார்ட்டன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட கரோலினா நாட்டில் அடிமையாய்ப் பிறந்தவர். பள்ளி கண்டவரல்லர். பழைய அரிச்சுவடியும், தாயின் ஞானப்பாட்டுப் புத்தகமும் துணையாகத் தாமே வாசிக்கக் கற்றார், எழுதவோ அறியார். ஆதலின், மேழி பிடித்து உழும்போதே பாக்களை யாத்து நெஞ்சில் நிறுத்திக்கொண்டார்.

சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்திற்குப் பழம் விற்கச் சென்றவரை மாணவர் பாவிற்பவராக்கினர். நூல் இதனைச் சில பக்கங்களிற் கூறிக் கடக்கின்றது. எமக்கோ அவ்விடம் விட்டகல மனம் வரவில்லை. பாட்டொன்றுக்கு விலை 25 செண்டு. அடிகளின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் காதலியின் பெயர் தோன்றும் பாக்களையும் அவர் சொல்லச்சொல்ல, மாணவர் எழுதிக்கொண்டனர். கைம்மாறாக மில்டனும் ஷேக்ஸ்பியரும் இயற்றிய நூல்களை அவருக்கு ஈந்தோரும் உளர். நல்லோர்தாம், ஆயினும், அவருட் பலர் அடிமைகளை உடைய இல்லத்துப் பிள்ளைகள். நூலைக் கொடுத்த கைக்கு விலங்கைக் கழற்றத் தோன்றவில்லை! யாமும் மாணவரே. அக்கூட்டத்தில் நின்றிருப்பின் வேறு செய்திருப்போம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

பேராசிரியர் ஒருவரின் மனைவியாகிய கரோலின் ஹெண்ட்ஸ் அம்மையார் அவர் எழுதக் கற்க உதவினார். 1829-இல் ‘விடுதலையின் நம்பிக்கை’ என்னும் நூல் அச்சேறியது. அதன் வருவாயால் தம்மை மீட்டுக்கொள்ளக் கருதினார், பொருள் போதவில்லை. அடுத்த ஆண்டே அடிமைகட்கு எழுத்தறிவித்தல் குற்றமென அந்நாட்டிற் சட்டம் பிறந்தது. விடுதலையோ 1865-இல், உள்நாட்டுப் போர் முடிவுற்றபோதே வந்தது. நூல் வெளிவந்து 36 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர்க்கு அகவை அறுபதுக்கு மேல்.

அப்பல்கலைக்கழகத்து மாணவர் விடுதியொன்று பிற்காலத்தில் அவர் பெயரைப் பெற்றது.