கிளை பிரியும் கண்ணாடி இழை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

“மழை வந்தா ஃபைபர் நெட் போயிடும்.”

பழைய தாமிரத் தொலைபேசிக் கம்பிக்கு இது பொருந்தும். கண்ணாடி இழைக்குள் ஓடுவது ஒளி. கேபிளின் மேல் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மழைக்குப் பிறகு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிவதும் நடக்கத்தான் செய்கிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது கம்பத்தில் தொங்கும் ஜாயின்ட் பாக்ஸை. மூடி சரியாக இறுகாத பெட்டிக்குள் நீர் இறங்கினால் கனெக்டர் முனைகளில் அழுக்குப் படியும். இழுபட்டு நிற்கும் இழையில் ஈரம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மெல்ல வளரும். மாதங்கள் கழித்து, வெயில் காயும் ஒரு நாளில்கூட அது முறியலாம்.

“ஒயர்தானே, முறுக்கி டேப் சுற்றினால் போதும்.”

மின்கம்பியில் பழகிய கை சொல்வது இது. ஒளி ஓடும் மையத்தின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான்தான். ஒரு தூசித் துகளே அதை மறைத்துவிடும். இணைக்கும் இரு இழைகளின் மையங்களும் மிகத் துல்லியமாக நேர்கோட்டில் வர வேண்டும். அதனால் மேலுறையை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். நன்றாக ஒட்டினால் இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே.

வேலை அத்தோடு முடியவில்லை. ஒட்டிய இடத்தில் உறை இல்லை. லேசாக வளைத்தாலே ஒடிந்துவிடும். அதன்மேல் ஸ்லீவ் போட்டுச் சூடாக்க வேண்டும். உள்ளே இருக்கும் குழல் உருகி இழையைப் பிடித்துக்கொள்ளும், வெளிக்குழல் சுருங்கி இறுகும், நடுவில் உள்ள எஃகுக் கம்பி வளையாமல் காக்கும். பிறகு அதைப் பெட்டிக்குள் இருக்கும் தட்டில் பதித்து, மிச்ச இழையை அகலமான வளையமாகச் சுற்ற வேண்டும். வழக்கமான இழைக்கு 30 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆரத்தில் வளைத்தால் ஒளி கசியும். கேபிளோடு வரும் எஃகுக் கம்பியையோ கண்ணாடி நார்க் குச்சியையோ பெட்டியில் திருகி இறுக்குவதும் கட்டாயம். காற்றில் கேபிள் ஆடும்போது அந்த இழுப்பை ஏற்க வேண்டியது அந்தக் கம்பியோ குச்சியோதான், ஒளி ஓடும் இழை அல்ல. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தத் திருகுதான் என்பது என் கணிப்பு.

“கிளை எடுக்க மொத்தக் கேபிளையும் வெட்ட வேண்டும்.” தேவையில்லை. வெளியுறையை மட்டும் திறந்து, வேண்டிய இழையை நிறம் பார்த்து எடுத்து வெட்டலாம். மற்றவை தொடர்ந்து ஓடும்.

“பக்கத்து வீட்டுக்குக் கிளை கொடுத்தால் என் வேகம் பாதியாகும்.”

ஒளியின் வலிமை குறைவது உண்மை. ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபல் போகும். 32 கிளையாகப் பிரித்தால் கணக்குப்படி 15, நடைமுறையில் 17 வரை. அதைத் தாங்கும்படிதான் முதலிலேயே திட்டமிடுகிறார்கள். மோடத்துக்குத் தேவையான ஒளி வந்து சேர்ந்தால் வேகம் குறையாது. பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் வினாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி போகிறது. ஒவ்வொரு மோடமும் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது. திரும்ப அனுப்பும்போது ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் ஓடினால் நெரிசல் வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும்போது அவரால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. கணக்கில் இல்லாமல் நடுவழியில் செருகும் ஸ்பிளிட்டர்தான் ஆபத்து. அது இன்னொரு 3 டெசிபலைத் தின்னும். கடைக்கோடி வீடு அணைந்துபோகும்.

“பச்சையோ நீலமோ, பின் உள்ளே போனால் சரி.” உள்ளே போகும், அதுதான் தொல்லை. பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல முனையில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டும் எதிரெதிரே வந்தால் நடுவே இடைவெளி விழும், ஒளி வீணாகும், முனையும் கெடலாம்.

“வெளிச்சம் வருகிறதா என்று முனையைப் பார்த்தால் தெரியும்.” தெரியாது. வீட்டுக்கு வரும் 1490 நானோமீட்டர் ஒளி அகச்சிவப்பு. கண்ணுக்குப் புலப்படாத லேசர். எந்த முனையையும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள்.

ஒளி வருகிறதா என்று பார்க்கப் பவர் மீட்டர் இருக்கிறது. இணைப்பு கொடுக்க வருபவரிடம் அளவைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பரவலான பி பிளஸ் வகை மோடத்துக்கு மைனஸ் 27 டிபிஎம்தான் கடைசி எல்லை. இன்று மைனஸ் 19 இருந்து, அடுத்த ஆண்டு மைனஸ் 25 ஆகியிருந்தால் மோடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். ஜாயின்ட் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.