லயத்தில் இருந்து டொலர் உழைப்பவர்களுக்கு

கஹவத்தைத் தோட்டத்து லயத்தில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்கு லெப்டொப்பில் வேலை செய்கிற பிள்ளைகள் கவனிக்க: அந்த வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. பயந்துவிட வேண்டாம். வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. 24 லட்சம் உழைத்தால் மேலதிக 6 லட்சத்துக்கு 6 வீதம், அதாவது 36,000 ரூபாய். எவ்வளவு கூடினாலும் 15 வீதத்தைத் தாண்டாது. ஆனால் காசு வெளிநாட்டு நாணயமாக, இங்குள்ள வங்கியொன்றின் ஊடாக வந்திருக்க வேண்டும். உண்டியலில் வந்தால் இந்த 15 வீதச் சலுகை போச்சு.

வங்கி ஊடாக வந்ததற்குச் சாட்சியான வங்கிச் சிட்டையில் மை சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

வரி கட்டுவதற்கு முதலில் டின் (TIN) எனும் வரி செலுத்துநர் அடையாள நம்பர் எடுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். வரிக்காசுக்கு அவ்வளவு தவணை இல்லை, முதல் கட்டு ஓகஸ்ட் 15.